நெஞ்சளவுத் தண்ணீரில் பதினொரு பாலைக் கன்றுகள்

தண்ணீர் நகரும் என்பது எனக்கு இருபத்தேழு வயதில்தான் தெரிந்தது.

சிரிக்க வேண்டாம். (சிரித்தாலும் பரவாயில்லை. என் மாமியார் வீட்டில் எட்டு வருஷமாகச் சிரிக்கிறார்கள்.) எனக்கு ஊர் மருங்காபுரி பக்கம். வானம் பார்த்த பூமி. அங்கே தண்ணீர் என்றால் குளம், இல்லையென்றால் கிணறு. மழை பெய்தால் வரும். கிடக்கும். வெயிலில் வற்றும். போட்டது போட்ட இடத்தில் இருக்கும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது குளத்தில் ஒரு செருப்பைத் தவறவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் மிதந்தது. அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டேன். அதனால் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு தை மாதத்தில் ஸ்ரீரங்கம் வந்தேன். மேலூர் ரோட்டில் ஒரு தோட்டத்தில் வேலை. முதலாளி ஒரு மேடம். காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுச் செடி வளர்க்கிறார். வாசலில் நர்சரி என்று போர்டு இருந்தது. உள்ளே ரோஜா கிடையாது. குரோட்டன்ஸ் கிடையாது. மாங்கன்று, தென்னங்கன்று எதுவும் கிடையாது. வண்டியை நிறுத்தி இறங்கி வருகிறவர்கள் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் கேட்பார்கள்.

"செடியெல்லாம் எங்கங்க இருக்கு?"

எல்லாமே கடற்கரைச் செடிகள். அடும்பு, தாழை, புன்னை, காயா, வீரை, பாலை. ராவணன் மீசை என்று ஒரு முள்ளுப் புல். வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையில் யாரும் நடாமல் தானாக நின்ற கூட்டம் இது. பாதி புயலில் போனது. மீதியைச் சவுக்குப் போடவும் இறால் குட்டை வெட்டவும் மனிதர்கள் எடுத்தார்கள். மேடம் அங்கே போய் விதை பொறுக்குவார். இங்கே கொண்டுவந்து முளைக்க வைப்பார். ஐப்பசி மழைக்கு மறுபடி அங்கே கொண்டுபோய் நடுவார். அங்கேயே நாற்று விடலாமே என்று கேட்டேன். அங்கே ஆடு தின்றுவிடும், நல்ல தண்ணீர் கிடையாது, இங்கே வீடும் கிணறும் இருக்கிறது என்றார்.

திருச்சியில் கடல் கிடையாது. அது எனக்கே தெரியும். ஆனால் எங்கள் தோட்டத்தில் கடல் மணல் மூட்டை மூட்டையாக இருந்தது.

"ஆத்து மணல் இங்கயே கிடக்குதே மேடம். எதுக்குக் கடல் மணலை மூட்டை கட்டிக் கொண்டாறீங்க?"

"அந்த மணலுக்குச் செடி பழகணும், பழனி."

"தண்ணியில உப்பு வேற போடுறீங்க."

"கொஞ்சம் கொஞ்சமா அதுக்கும் பழகணும்."

நான் மேடத்துக்குப் பழகினேன்.

சித்திரையில் ஒரு சொம்பு நிறையப் பாலை விதை வந்தது. மஞ்சளாக, நெல்லிக்காயை விடச் சின்னதாக இருக்கும் அந்தப் பழம். மேடம் ஒன்று தின்னக் கொடுத்தார். தேன் மாதிரி இனித்தது. தின்ற பிறகு உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொண்டது. (நான் ஏற்கெனவே அதிகம் பேசாதவன். அன்று சாயங்காலம் வரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.) கொட்டாங்கச்சிகளில் தேங்காய் நார்த்தூளும் கடல் மணலும் கலந்து போட்டு விதைத்தோம். ஒரு சொம்பு விதையில் முளைத்தது பதினொன்று.

மேடம் தினமும் காலையில் நிழல் வலைக்குள் போய் அந்தப் பதினொன்றையும் எண்ணுவார். எண்ணின பிறகுதான் காபி.

"இதுக்குத் தாய் ஒரே மரம் பழனி. ஒரு குப்பத்துக்குப் பக்கத்துல, மணல் மேட்டுல நிக்குது. உள்ளே பொந்து. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ சாஞ்சிடும். அப்புறம் அந்த மேட்டுல பாலை கிடையாது. இந்தப் பதினொண்ணுதான்."

"ம்" என்றேன்.

கவனமாகத்தான் கேட்டேன். ஆனால் மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. சித்திரையில் போட்டது ஆடியில் சுண்டுவிரல் உயரம். இரண்டு மூன்று இலை. எங்கள் ஊர்ச் சோளம் அதற்குள் கதிர் தள்ளியிருக்கும். மூன்று மாதத்தில் ஒரு விரல் வளருகிற செடிக்கு ஒரு மரியாதை வேண்டுமென்றால் எப்படி வரும்?

இதற்கு நடுவில் வைகாசியில் எனக்குக் கல்யாணம். பெண் தொட்டியம். வாழைத்தோட்டமும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர். பூங்கொடி என்று பெயர். அவளும் பேசமாட்டாள். கல்யாணமாகி ஆடி பிறப்பதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அடுத்த வாரம் மாமியார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, பதினெட்டாம் பெருக்குக்கு நாங்க அம்மா மண்டபத்துக்கே வந்துடுறோம். தலை ஆடி. தாலிப் பெருக்கி, முளைப்பாரி விட்டுட்டுப் போகலாம்."

"வாங்க அத்தை."

"முளைப்பாரிய இங்கேர்ந்து பஸ்ல கொண்டாந்தா நசுங்கிப்போகும். நீங்க செடி வேலதானே பாக்குறீங்க. நீங்களே போட்டு வச்சிருங்க. நவதானியம். இருட்டுல வைக்கணும். ஒத்தப்படையா இருக்கட்டும்."

"நம்ம தொழில்தானே அத்தை."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பேசியிருக்க வேண்டியதில்லை. பேசாதவன் பேசினால் இப்படித்தான் ஆகிறது.

முளைப்பாரி பெரிய வித்தை இல்லை. கொட்டாங்கச்சியில் மண் போட்டுத் தானியம் தூவி இருட்டில் வைத்தால் ஒன்பது நாளில் வெளிர்மஞ்சளாக நெட்டையாக நிற்கும். மோட்டார் ரூமில் வரிசையாக வைத்தேன். தண்ணீர் தெளித்தேன். கதவைச் சாத்தினேன். ஆடி பதினேழு சாயங்காலம் கதவைத் திறந்தேன். எலி ஒன்பது தானியத்தில் எட்டைத் தின்றிருந்தது. கொள்ளு மட்டும் அதற்குப் பிடிக்கவில்லை.

காலையில் மாமியார், மாமனார், பூங்கொடி, மச்சினன், அவர்கள் வீட்டு உறவில் இன்னும் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். நான் செடி வேலை பார்க்கிறவன் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். (அம்மா மண்டபம் வாசலிலேயே முளைப்பாரி விற்பார்கள் என்பது எனக்கு மறுநாள் அங்கே போனபோதுதான் தெரிந்தது. அப்போது என் இரண்டு கையிலும் கூடை இருந்தது.)

மேடம் கே.கே. நகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வர இரண்டு நாளாகும். நிழல் வலைக்குள் பதினொரு கொட்டாங்கச்சி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு செடி. பச்சை.

திருட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். என் திட்டம் இது. கொட்டாங்கச்சிகளை எடுத்துப் போவது. பூஜை முடிந்ததும் தண்ணீரில் விடுவது. அது அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். எல்லோரும் மண்டபத்தில் சித்ரான்னம் சாப்பிட உட்காருவார்கள். நான் கைகழுவுவது மாதிரி இறங்கி, பதினொன்றையும் பொறுக்கிக் கூடையில் போட்டு, நிழல் வலைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவது. மேடம் வந்து எண்ணினால் பதினொன்று இருக்கும். செடிக்கும் ஒரு தீர்த்தமாடினது போல ஆச்சு.

மூன்று எடுத்திருக்கலாம். மூன்றும் ஒற்றைப்படைதான். மாப்பிள்ளை கெத்து என்று ஒன்று இருக்கிறதே. பதினொன்றையும் எடுத்தேன்.

தையில் வந்தவன் நான். நான் பார்த்த காவிரி மணல். பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது பார்த்தாலும் மணல். நடுவே ஒரு குட்டை, குட்டையில் ஒரு கொக்கு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீர்தானே.

மறுநாள் அம்மா மண்டபத்துப் படியில் போய் நின்றேன்.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். அது முழுதும் போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. வானம் கீழே இறங்கி நடந்துபோவது மாதிரி இருந்தது. அத்தனை தண்ணீரும் எங்கேயோ வேலை இருப்பதுபோல ஒரே பக்கமாகப் போனது. நான் கூடையோடு நின்றுவிட்டேன். என் வாய் திறந்திருந்ததாக மச்சினன் பிற்பாடு சொன்னான்.

திட்டத்தில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அப்போதே லேசாகத் தோன்றியது. என்ன தப்பு என்று பிடிபடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் வந்தார். கூடையைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"முளைப்பாரி அத்தை."

"கரும்பச்சையா இருக்கு."

"ம்."

"ஒண்ணு ஒண்ணா முளைச்சிருக்கு."

"ஒத்தப்படைன்னீங்களே."

அவர் ஒரு கன்றின் இலையைத் தடவிப் பார்த்தார். தடித்த இலை. "இது என்ன தானியம்?"

"கடலோரத் தானியம். புது ரகம்."

"நெட்டையா வரலையே."

"மெதுவா வரும் அத்தை. வந்தா நிக்கும்."

அந்த ஒன்று மட்டும் நான் அன்று சொன்னதில் உண்மை. அது உண்மை என்று எனக்கும் அப்போது தெரியாது.

மாமனார் மட்டும் தள்ளி நின்று, "செடிக்காரரு வீட்டுல வித்தியாசமாத்தான் இருக்கும், விடு" என்றார்.

படியில் எங்களைப் போலப் பல குடும்பங்கள். வாழையிலையில் காப்பரிசி, பழம், மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி. புதுப்பெண்கள் கல்யாண மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் தண்ணீருக்குள் கயிறு கட்டி, ரப்பர் படகோடு காவல் நின்றார்கள். மைக்கில் ஒருவர் கயிற்றைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூஜை முடிந்தது. பூங்கொடிக்குப் புதுக் கயிறு மாற்றினார்கள். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு கொட்டாங்கச்சியாகத் தண்ணீரில் வைத்தாள். நார்த்தூள் போட்டது. அழகாக மிதந்தது.

பதினொன்றும் மிதந்தன. பிறகு பதினொன்றும் கிளம்பின.

பஸ் கிளம்புவது போலத்தான். முதலில் மெதுவாக. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து, மாலைகளுக்கு நடுவில் கிழக்கே போயின. நான் கையைத் தூக்கினேன். நிற்கச் சொல்வதற்காக என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் மேடம் சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது. இந்தப் பதினொண்ணுதான்.

இறங்கினேன். வேட்டியோடு. கயிற்றைத் தாண்டினேன். மைக்கில் "யாருப்பா அது, மஞ்சள் சட்டை" என்றார்கள். மஞ்சள் சட்டை நான்தான். மாமியார் எடுத்துக் கொடுத்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். கால் வழுக்கியது. தண்ணீர் மூக்கில் ஏறியது. எனக்கு நீச்சல் தெரியாது. செத்துப்போவது என்றால் இதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். பயம்கூட அதிகம் இல்லை. மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டாமே என்று ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது.

தலை ஒருமுறை மேலே வந்தபோது, "செடி, செடி" என்று கத்தினேன். இரண்டாவது முறை வந்தபோது பூங்கொடி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் பாய்வதைப் பார்த்தேன். வாய்க்காலில் பிறந்து வளர்ந்தவள். மீன் மாதிரி வந்தாள். நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தாள். கிட்டத்தில் வந்தாள்.

என்னைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். மூழ்கி மூழ்கி எழும்போது பார்த்தது. முந்தானையை மடியாகப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் நீந்துகிறாள். ஒவ்வொரு கொட்டாங்கச்சியாக எடுத்து மடியில் போடுகிறாள். ரப்பர் படகிலிருந்து ஒருத்தர், "ஏம்மா, ஆள் அங்க முழுகுறாரு, நீ எங்க போற?" என்று சத்தம் போடுகிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு தீயணைப்புக்காரர் என் பக்கம் வந்தார். கையை நீட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ். எந்திரிச்சு நில்லுய்யா."

நின்றேன். தண்ணீர் நெஞ்சளவு இருந்தது.

படி முழுதும் ஆள். ஸ்ரீரங்கம் பாதி அங்கே இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். காலை நேரம், நல்ல வெளிச்சம் வேறு. நான் நெஞ்சில் ஒட்டிய மஞ்சள் சட்டையோடு நின்றேன். என் வேட்டி செடிகளின் பின்னால் போயிருந்தது. (உள்ளே கால்சட்டை போட்டிருந்தேன். அந்த ஒரு நல்ல புத்தி இருந்தது.)

கரையேற்றி உட்காரவைத்தார்கள். கூட்டத்துக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதாவது, அவர்களாக ஒரு விஷயத்தை முடிவு செய்திருந்தார்கள். ஒரு அம்மா ஈரத் தலையைத் துவட்டிவிட்டபடியே கேட்டார்.

"கல்யாணமாகி எத்தனை மாசம்ப்பா?"

"ரெண்டு."

"அதுக்குள்ளயா."

ஒரு பெரியவர் தோளைத் தட்டினார். "முதல் வருஷம் அப்படித்தான் தம்பி இருக்கும். அப்புறம் பழகிரும். எனக்கு முப்பத்தஞ்சு வருஷம். ஒரு நாளாவது ஆத்துல குதிச்சேனா?"

அவர் பக்கத்தில் நின்ற மனைவி, "குதிச்சிருந்தா யாரு பிடிச்சா" என்றார்.

மாமியார் அழுதுகொண்டிருந்தார். மாமனார் போலீஸ்காரரிடம், "பையன் நல்ல பையன்தாங்க, ஊர்ப்பக்கம் தண்ணி கிடையாது, அதான்" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். எலி, கொள்ளு, மேடம், பாலை எல்லாவற்றையும். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். போலீஸ்காரர் முழுதும் கேட்டார்.

"அப்ப ஆத்துல விட்டது அங்கேயே இருக்கும்னு நினைச்சியா?"

"ஆமா சார்."

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டார். இதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை போல.

பூங்கொடி படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. மடியை என் முன்னால் விரித்தாள். ஏழு. இரண்டில் மண் கரைந்து வேர் வெளியே தெரிந்தது. நான் அதுவரை வேரைப் பார்த்ததில்லை. மேலே சுண்டுவிரல் உயரம் இருந்த செடிக்குக் கீழே வெள்ளையாக ஒரு வேர், கொட்டாங்கச்சிக்குள் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. மூன்று மாதமாக அது சும்மா இருக்கவில்லை. வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் பார்க்காத பக்கமாக.

"நாலு சுழல்ல போயிருச்சு" என்றாள். பிறகு, "இது என்ன செடி?" என்று கேட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் பெரிய கேள்வி அது.

யாரோ எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தார்கள். மதியத்துக்குள் அது கே.கே. நகர் போய்விட்டது. மேடம் அன்றைக்கே திரும்பி வந்தார். தோட்டத்து வாசலில் நான் நின்றேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். படத்தில் நான் மூழ்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காட்டவில்லை. ஓரத்தில் பூங்கொடியின் முந்தானையைக் காட்டினார்.

"இதுல ஏழு எண்ணினேன். மீதி?"

"நாலு போயிருச்சு மேடம்."

உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேலையை விட்டு நிறுத்தப் போறதில்ல. ஐப்பசியில நீயும் வா. அந்தக் குப்பத்து ஜனங்ககிட்ட நீயே சொல்லு" என்றார்.

ஐப்பசியில் போனோம். ஏழு கன்றுகளும் நீளமான பைகளில் இருந்தன. பூங்கொடியும் வந்தாள். வழியெல்லாம் அவள்தான் கன்றுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னிடம் யாரும் கொடுக்கவில்லை.

அந்தக் குப்பத்தில் இறங்கினதும் முதலில் பார்த்தது மணல். கடல் அதற்கு அப்பால் இருந்தது. மணல் மேல் அடும்புக்கொடி. ஊதாப் பூ. ஒரு கொடியின் அடி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமே என்று அதன் கூடவே நடந்தேன். நடந்தேன், நடந்தேன். அது முடியவில்லை. முழத்துக்கு ஒரு இடத்தில் வேர் இறக்கி மணலைப் பிடித்திருந்தது. கிழியப் பார்க்கிற துணியைத் தையல் போட்டு நிறுத்துவது மாதிரி, அந்த மேடு முழுதும் தையல். ராவணன் மீசையின் காய்ந்த பூப்பந்து ஒன்று காற்றில் உருண்டு என்னைத் தாண்டி ஓடியது. ஓடின இடத்தில் விதை விழும் என்றார் மேடம். அதற்குக் கால் இல்லை. அதனால் பந்தாகிவிட்டது. எங்கள் தோட்டத்தில் தொட்டியில் முறைத்துக்கொண்டு நிற்குமே, அதே புல். இங்கே அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவரை வேலைக்காரர் என்று நினைத்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வருமே, அந்த வெட்கம்.

மேட்டுக்குப் பின்னால் புதர். காற்று சீப்பு வைத்து வாரினதுபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கும் பின்னால் பாலை மரம்.

உயரம் அதிகமில்லை. ஒரு மாடி வீட்டளவு. அடிமரம் நாலு பேர் கைகோத்தால்தான் எட்டும். முறுக்கிக்கொண்டு, மேற்கே சாய்ந்து, உள்ளே ஒரு ஆடு படுத்துக்கொள்கிற அளவு பொந்தோடு நின்றது. ஆடு படுத்தும் இருந்தது. இலையெல்லாம் எண்ணெய் தடவினது மாதிரி மின்னியது. குனிந்து கிளைகளுக்கு அடியில் உள்ளே போனேன். வெளியே நெருப்பு மாதிரி வெயில். உள்ளே குளிர்ச்சி. அதன் நிழலில் காயா, அதன் மேல் ஏதோ ஒரு கொடி, கொடிக்குக் கீழே வீரைக்கன்று. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. மேலே ஏகப்பட்ட குருவி. ஒரு மரம் என்று நினைத்து உள்ளே போனேன். அது ஒரு தெரு.

ஒரு வருஷத்துக்கு எவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரியும். விரல் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரல் போதவில்லை. என் அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று போய், அதற்குமேல் எனக்குப் பெயர் தெரியாததால் நிறுத்திவிட்டேன்.

வெளியே வந்தபோது குப்பத்துப் பெண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். அஞ்சலை என்று ஒரு அக்கா. சீசனில் பாலைப்பழம் விற்பவர். அவர்தான் பேசினார்.

"புயல்ல இந்தப் பக்கம் கூரை எல்லாம் போச்சு தம்பி. இந்த மேட்டுக்குப் பின்னாடி இருந்த எட்டு வீடு மட்டும் நின்னுச்சு. அதான் இந்த அம்மாகிட்ட கேட்டோம், இந்த மரத்துக்கு வாரிசு வேணும்னு." கன்றுகளைப் பார்த்தார். "ஏழு இருக்கு. பதினொண்ணுன்னாங்களே."

மேடம் என்னைப் பார்த்தார். வேறு எங்கும் பார்க்கவில்லை.

"நாலு போயிருச்சுங்க்கா."

"ஆடு தின்னுச்சா?"

"இல்ல. நான் ஆத்துல விட்டுட்டேன்."

"வெள்ளமா?"

"முளைப்பாரி."

அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரும்பி, "ஏ, இங்க வாங்கடி. பாலைக் கன்னை முளைப்பாரின்னு ஆத்துல விட்டாராம் இந்த மனுசன்" என்றார். அவர்கள் சிரித்த சிரிப்பில் பொந்துக்குள் படுத்திருந்த ஆடு எழுந்து வெளியே வந்தது. நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. நெஞ்சளவுத் தண்ணீர் வரை. சொல்லி முடித்தபோது பூங்கொடியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அஞ்சலையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு நின்றது.

"சரி. நாலு மரம் போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாலு பேர் போயிட்டாங்க என்று சொல்வோமே, அந்த மாதிரி. அதுவரை நாலு கொட்டாங்கச்சி என்றுதான் என் மனதில் இருந்தது.

மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். ஏழு குழியும் நானே வெட்டினேன். யாரும் தடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை மழையில் பெரிய மரம் சாய்ந்தது. அஞ்சலையக்கா போன் செய்து சொன்னார். நடுவில் இருந்த இரண்டு சித்திரையிலும் நாங்கள் விதை பொறுக்கினோம். ஒன்றும் முளைக்கவில்லை. மரத்துக்கே முடியவில்லை என்றார் மேடம். நட்ட ஏழில் இரண்டை ஆடு தின்றது, ஒன்று காய்ந்தது. மீதி நாலு நிற்கிறது. எட்டு வருஷத்தில் என் இடுப்பளவு வந்திருக்கிறது. அந்த மேட்டில் பாலை என்று இருப்பது அந்த நாலுதான். நான் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறேன். கோடையில் மாதம் இரண்டு தடவை போய் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். காற்றுக்கு நாலும் ஏற்கெனவே மேற்கே சாய ஆரம்பித்திருக்கின்றன. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தொட்டியத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் நான் உட்கார்ந்ததும் மச்சினன், "மாமா, எந்திரிச்சு நில்லுங்க" என்பான். இலை போட்டவர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று தெரியாத புது ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார். அவருக்காக முதலிலிருந்து சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருத்தி பூங்கொடியிடம் கேட்பாள். போன மாதம் ஒரு வளைகாப்பில் எங்கள் மகளே கேட்டாள். அவளுக்கு ஆறு வயது.

"ஏம்மா அப்பாவை விட்டுட்டுச் செடியைப் பிடிச்ச?"

பூங்கொடி வளையலை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு கத்துனாரு, செடி செடின்னு. சரி, முக்கியமானதைச் சொல்றாருன்னு நினைச்சேன்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த மரத்துக்குள் குனிந்து போய் வந்தவன் நான். அவள் பிடித்த வரிசை சரிதான்.